ஒரு போர்வைக்கு எத்தனை தையல்?

நாகர்கோவிலில் போர்வைக்கு என்ன வேலை என்று முதலில் கேட்டுவிடுங்கள். நியாயமான கேள்விதான். சித்திரை வெயிலில் ஒரு துவர்த்தைப் போர்த்தினாலே புழுங்கும். ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசும் காற்றும், கூடவே வரும் சாரலும், அப்புறம் ஐப்பசி மழையும் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். விடியற்காலை நாலு மணிக்குக் காலடியில் ஒரு மெல்லிய பருத்திப் போர்வை கிடந்தால் அதைவிட சுகம் கிடையாது. இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கிற மாவட்டம் இது. அதனால் போர்வைக்கும் வேலை உண்டு.

இங்கே பேசப்போவது கடையில் வாங்குகிற போர்வை பற்றி அல்ல. துண்டுத் துணிகளை இணைத்துக் கையாலேயே தைக்கிற போர்வை பற்றி. இங்கிலீஷில் குவில்ட் என்பார்கள். குளிர் நாடுகளில் இது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றும் நகராமல் இருக்க, எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தி ஓட்டுத்தையல் போடுவார்கள். அந்தத் தையல்தான் குவில்ட்டின் உயிர். துண்டுகளை இணைப்பது மட்டும் என்றால் அது வெறும் ஒட்டுத்துணி.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்வதுதான் காந்தா. சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே அதற்குத் தையல் நூலாக எடுத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் செய்வது கவந்தி. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் ‘பூலா’ என்று பூ மாதிரி ஒன்று வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமையாகும். நம் வீடுகளில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாட்டியின் பழைய நூல் சேலையை நாலாக மடித்துக் குழந்தைக்கு அடியில் விரித்திருப்பார்கள். அதன் ஓரத்தில் நாலு தையல் போட்டால் அதுவும் ஒரு குவில்ட்தான்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு குழந்தைப் போர்வையை எடுத்துக்கொள்வோம். 36 அங்குலத்துக்கு 36 அங்குலம். ஆறு அங்குலச் சதுரங்கள் என்றால் வரிசைக்கு ஆறு, மொத்தம் 36 துண்டு. ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஏனென்றால் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். இந்தக் கால் அங்குலத்தில் கோட்டை விட்டால் கடைசி வரிசையில் மூலையும் மூலையும் சேராது. புதுத்துணி என்றால் முதலில் நனைத்து, காயப்போட்டு, தேய்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அழவேண்டியதுதான். பருத்தியோடு பாலியெஸ்டரைக் கலந்தால் ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது வழுக்கும் பஞ்சு. துவைத்தால் ஒரு பக்கமாகப் போய்க் கட்டியாகிவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சே தேவையில்லை. பழைய சாரத்தை நடு அடுக்காக வைத்தால் போதும்.

இப்போது ஒரு கணக்கு. காமர்ஸ் படிப்பவர்கள் இதையாவது போட்டுப் பார்க்க வேண்டாமா? :)

36 சதுரங்களை இணைக்க 30 சின்னத் தையல்கள், தலா ஆறு அங்குலம். ஆறு வரிசைகளை இணைக்க ஐந்து நீளத் தையல்கள், தலா 36 அங்குலம். மொத்தம் 360 அங்குலம். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் 2880. பிறகு இரண்டு அங்குல இடைவெளியில் 17 கோடுகள் ஓட்டுத்தையல், 612 அங்குலம். அடுக்கு கனமானதால் அங்குலத்துக்கு ஆறுதான் வரும், அது 3672. சுற்றிலும் ஓரம் மடித்துத் தைக்க 144 அங்குலம், அது 1152. கூட்டினால் 7704 தையல். ஒரு குழந்தை படுத்து, ஈரமாக்கி, உதைத்துத் தள்ளப்போகிற ஒரு துணிக்கு!

கோட்டாறு பக்கம் ஓர் அக்கா இந்த 7704-ஐ ஒருமுறை அல்ல, பலமுறை தைத்திருக்கிறார். பி.காம். முடித்து, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர். 2020 ஊரடங்கில் யூடியூப் பார்த்துத் தொடங்கினார். தெருமுனைத் தையல்காரர் கூட்டித் தள்ளுகிற வெட்டுத்துணிதான் மூலதனம். முதலில் மொபைல் உறை, பிறகு காய்கறிப் பை, சப்பாத்தி வைக்க ஒரு துணிப்பெட்டி, அப்புறம் போர்வை. ராத்திரி ஒன்பதரைக்கு அடுக்களையைக் கழுவிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்.

முதல் போர்வையைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி சொன்னது இது: “கடையில முன்னூறு ரூவாய்க்கு நல்ல பெட்ஷீட் கெடைக்குமே மக்களே, இத இருந்து தச்சு என்னத்துக்கு?” இரண்டாவது போர்வைக்கு வந்த விமர்சனம் வேறு: “நல்லாத்தானே இருக்கு, விக்கலாமே!” பாருங்கள், இரண்டுமே விலை பற்றிய பேச்சுதான். நடுவில் ஒரு வார்த்தை, “பிடிச்சுருக்கா உனக்கு?” என்று யாரும் கேட்கவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் மூன்று குழந்தைப் போர்வைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒன்றுக்கு 800 ரூபாய். இந்த முறை புதுத்துணி வாங்க வேண்டியிருந்தது. அக்கா ஒரு நோட்டில் அடக்கவிலைத் தாள் போட்டார். துணி, நூல் 300. மீதி 500. உழைப்பு 35 மணி நேரம். அதாவது மணிக்கு 14 ரூபாய் சொச்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால்கூட மணிக்கு சுமார் 40 ரூபாய். அந்தக் கூலி போட்டால் ஒரு போர்வை 1700 ரூபாய் ஆகும். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

மூன்றையும் முடித்துக் கொடுத்தார். இரண்டாவதிலேயே வெறுத்துவிட்டது. நிறம் அவர்கள் சொன்ன நிறம், தேதி அவர்கள் சொன்ன தேதி. நாலாவது ஆர்டர் வந்தபோது மறுத்துவிட்டார். “வேலைன்னா கூலி வேணும். கூலி இல்லன்னா எனக்க இஷ்டத்துக்கு விடணும்.” வீட்டில் இதைத் திமிர் என்றார்கள்.

திமிரா அது? இந்த மாவட்டத்தில் ஊசிநூலுக்கு ஒரு பெரிய பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்போது இது திருவிதாங்கூர். 1819-ல் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பழைய ஆட்கள் ரேந்தை என்பார்கள், போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். தலையணை மாதிரி ஒரு திண்டு, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் லேஸ் விழும். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பின்னிய பெண்களில் சிலர் அடிமைகள். ஆமாம், நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் ஆவணங்கள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரசாணை 1855-ல்தான் வந்தது. அதற்கு முன்பே சில பெண்பிள்ளைகள் நூல்கட்டையை உருட்டி அந்த வேலையை முடித்துவிட்டார்கள்.

அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டம். 1822-ல் தொடங்கி 1859 வரை இழுத்தது. சண்டை எதற்கு? தைத்த ஒரு குப்பாயத்துக்கு. சில சாதிப் பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது என்று அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் தான் நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று அரசர் அறிவித்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு தைத்த துணி இந்த மண்ணில் என்னவெல்லாம் செய்திருக்கிறது பாருங்கள்.

கடல் தாண்டியும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். மூன்று பக்கம் ஆறு சுற்றிய இடம். பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர். அந்தப் பெண்கள் கிழிந்த வேலைத்துணியையும் பழைய ஜீன்ஸையும் இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கி விற்கவும் செய்தார்கள். கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கும்போது கடை சொன்ன வடிவம்தான், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் மாட்டி வைத்துக் கொண்டாடியது எதை? யார் ஆர்டரும் இல்லாமல் அவர்கள் வீட்டுக்காகத் தன்போக்கில் தைத்தவற்றை. 2006-ல் அமெரிக்க அஞ்சல்துறை அந்தப் போர்வைகளுக்கு ஸ்டாம்பே போட்டது.

நாகர்கோவில் பெண்ணுக்கு விலை கிடைத்ததால் விடுதலை. கோட்டாறு அக்காவுக்கு விலை பேசாமல் இருப்பதில் விடுதலை. முரண்பாடு மாதிரித் தெரியும். யோசித்தால் அப்படி இல்லை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: அந்த நேரம் யாருடையது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு எண் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதாவது பெண்ணுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அது போக, தூக்கம் போக, மிச்சம் கிடைப்பதுதான் ஒன்பதரைக்கு மேல் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது தண்ணீர் கேட்பார்கள். ஊசிநூலோடு உட்கார்ந்தால் கேட்க மாட்டார்கள், “அவ வேலையா இருக்கா” என்பார்கள். கை அசைவதால் அது வேலை மாதிரித் தெரிகிறது. அந்த மறைவில்தான் எத்தனையோ பேர் தங்களுக்கென்று கொஞ்ச நேரம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதையும் ‘விக்கலாமே’ என்று கேட்டால் அவர்களுக்கு மிச்சம் என்ன?

விற்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பூத்தையலும் குரோஷாவும் செய்து பிள்ளையைப் படிக்கவைக்கிற பெண்கள் இந்த மாவட்டத்தில் இன்றும் உண்டு. அவர்களிடம் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். தையலை எண்ணிப் பாருங்கள், கூலி கண்ணில் தெரியும். விற்காமல் தைப்பவர்களிடம் விலை கேட்காதீர்கள், எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

செய்து பார்க்க ஆசையா? போர்வையில் தொடங்க வேண்டாம், பாதியில் பரணுக்குப் போய்விடும். டம்ளர் வைக்கிற ஒரு விரிப்பு போதும். நாலு அங்குலத்தில் இரண்டு துண்டு, நடுவில் பழைய துவர்த்தில் ஒரு துண்டு. உள்பக்கமாக வைத்துச் சுற்றித் தைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் விட்டு, அதன் வழியாகத் திருப்பி, அந்த இடத்தை மூடி, மேலே நாலு கோடு ஓட்டுத்தையல். ஒரு மணி நேரம் ஆகும். பையன்களுக்கும்தான் சொல்வது. 88 நிமிடத்தில் கொஞ்சம் கூட்டினால் தப்பில்லை. :)