அந்த மூன்று நாள்

வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிச் சுவடுகளைத் தமிழ்ச் சமணர் வணங்கி வருகின்றனர். அம்மலையை அடுத்த சிற்றூர் ஒன்றில், தசலட்சண நோன்பின் நான்காம் நாள், நயினார் குடும்பத்து மருமகள் ஒருத்தி பின்கட்டில் தனித்து அமர்ந்திருந்தாள். பத்து நாளும் ஒருவேளை உணவுடன் நோன்பிருப்பதாக அவள் உறுதி பூண்டிருந்தாள். மாதவிலக்கோ நாள் தவறி முந்திக்கொண்டது.

“என் நோன்பு முறிந்து போயிற்றா, அத்தை?”

“கோயிலுக்குப் போகக் கூடாது. பூசைப் பொருளையும் ஏட்டையும் தொடக் கூடாது. அடுப்படியும் உனக்கில்லை. ஆனால், நோன்பு எங்கே முறிந்தது, அம்மா? அது உன் வயிற்றிலும் மனத்திலும் அல்லவா இருக்கிறது! பஞ்ச நமஸ்காரத்தை வாய் திறவாமல் நினைத்துக்கொண்டிரு.”

மாமியார் படித்தவள் அல்லள். எனினும், தொடுவதை விலக்கி நினைப்பதை விலக்காத அந்த விடையில் சமண ஒழுக்கத்தின் நுட்பம் முழுதும் அடங்கியிருந்தது.

விலக்கின் வேர் ஆழமானது. பெண்ணுடலில் நுண்ணுயிர்கள் தோன்றுகின்றன என்றும், மாதப்போக்கினால் அவளுக்கு அச்சமற்ற தியானம் கைகூடாது என்றும் குந்தகுந்தரின் சூத்திர பாகுடம் கூறுகிறது. பெண்ணுக்குத் துறவு நிலை முழுமையாகாது எனத் திகம்பரர் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 9ஆம் நூற்றாண்டில் யாபனீய சங்கத்துச் சாகடாயனர் இதனை மறுத்துப் பெண்ணுக்கும் வீடுபேறு உண்டென நிறுவினார். சுவேதாம்பரரோ பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய மல்லியே பெண்தான் என்பர். வியப்பு என்னவெனில், அவர்தம் இல்லங்களிலும் அந்த மூன்று நாளில் கோயில் வழிபாடு இல்லை! வாதம் வேறாயினும் வழக்கம் ஒன்றே.

பொன்னூருக்கு அணித்தேயுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவருடைய 500 மாணாக்கரையும் குறிப்பிடுகிறது. மாதப்போக்கு அக்குரத்தியாரின் பாடத்தை நிறுத்தியதா என்பதைக் கல் சொல்லவில்லை. நிறுத்தியிருந்தால் ஐந்நூறு பேர் சேர்ந்திருப்பார்களா?

மருமகள் இவற்றையெல்லாம் அறியாள். பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமே என்று, மாமியார் வடிகட்டிய நீரையும் சோற்றையும் கொணர்ந்து எட்ட நின்று வைத்தாள்.

“எத்தனை உரு ஆயிற்று?”

“நூற்றெட்டு முடிந்து, இரண்டாம் முறை தொடங்கிவிட்டேன், அத்தை.”

“நானும் உன் வயதில் இந்தத் திண்ணையில்தான் எண்ணினேன்” என்று சொல்லிக்கொண்டே, கிழவி ஓரடி நெருங்கி அமர்ந்தாள்.