திரையில் ஒரு கணை

கயிற்றுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற எங்கள் சிங்கம்புணரிக்கு விடுமுறையில் வந்திருந்த என் பேரன், கணினியில் விண்வெளிப் போர் விளையாட்டொன்றில் ஆழ்ந்திருந்தான். அவன் ஏவும் கணைகள் இலக்கை எட்டும்வரை நெருப்பைக் கக்கியவாறே வளைந்து வளைந்து துரத்துகின்றன. ஒரு கோள் தாக்குண்டால் திரையின் ஓரத்தில் மக்கள்தொகை எண் குறைகிறது, அவ்வளவே.

மெய்யான நெடுந்தொலைவு ஏவுகணையோ இவ்வாறு பறப்பதில்லை. அதன் எந்திரம் முதற்சில நிமிடங்களே எரியும். பின்னர் வீசியெறிந்த கல்லைப்போல் புவியீர்ப்பின் வழியே சென்று விழும். 2012 ஏப்ரல் 19 அன்று முதன்முறை சோதிக்கப்பட்ட நம் அக்னி-5, 5,000 கிலோமீட்டர் கடக்கவல்லது. எய்தபின் மனம் மாறினால் திரும்ப அழைக்க இயலாது. பேரனோ, ஆட்டம் பிடிக்காவிடில் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறான்! எனக்கு உறுத்தியது வேகமோ தொலைவோ அல்ல, இந்த வேறுபாடுதான்.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் புனித மகதலா மரியா ஆலயத்தை, மக்களின் இசைவுடன், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா விண்வெளி ஆய்வுக்கு விட்டுக்கொடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட் நைக்-அப்பாச்சி. அதன் அடிநிலை, வானூர்திகளை வீழ்த்த அமெரிக்கர் செய்த நைக் ஏவுகணையின் உந்துபகுதியேயாம். எனினும் அன்று அது சுமந்து சென்றது வெடிமருந்தை அன்று. மேல்வானக் காற்றை அளக்கும் சோடியம் ஆவியை. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டதும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். அவ்வாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.