கடைசி வரிசையின் முகம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த குடவோலை அதுவே. ஆனால் ஒருவர் பெயர் அக்குடத்தில் விழ, இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக் கல்வியும் வேண்டியிருந்தன. அந்நிலத்தில் நாற்று நட்ட கைகளுக்குரியவரின் பெயர் அதில் விழவில்லை. இதை நாம் எண்ணிப் பார்க்கச் செய்தவர் வரலாற்று அறிஞர் அல்லர். அவ்வூர்ப் பக்கம் சைக்கிளில் சுற்றிப் படம் பிடித்து வாழ்ந்த ஓர் எளிய மனிதர்.

அவருக்குக் கடையும் இல்லை, ஸ்டுடியோவும் இல்லை. தோள்பையில் ஒரு கேமரா, ஒரு பிளாஷ், இரண்டு பிலிம் ரோல், இவையே முதல். மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் என அலைவார். ஒரு ரோலில் 36 படம். ஒன்றுகூட வீணாகக் கூடாது. கலர் ரோலைக் கழுவக் காஞ்சிபுரத்து லேபுக்குப் பேருந்தேறுவார். இளமையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது, இருட்டறைச் சிவப்பு விளக்கில் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவியதையும், முகத்துத் தழும்புகளை நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் தொட்டு மறைத்ததையும் பெருமையோடு சொல்வார். ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் திருமணம் இல்லை. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நம் வீடுகளில் இல்லை. இரு சமயத்தாரின் நோன்பும் அவர் வீட்டு அடுப்பில் தெரியும்.

2001-ஆம் ஆண்டு, நாம் இளங்குருவாக இருந்த நாளில், ஒரு திருமணத் திருப்பலி. தாலி கட்டும் வேளையில் அவர் பீடத்தின் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். "இது பூசையா, சினிமா படப்பிடிப்பா? பின்னாலே போ!" என்றோம். கோவிலே கேட்டது. நம்மினும் பத்து வயது மூத்தவரை ஒருமையில் விளித்தது நமக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கடைசி வரிசைக்குச் சென்றார்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில், நடவுக் கூலிக்குச் சென்று வாழ்ந்த மூதாட்டி ஒருவர் இறந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு மாலையிட வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. மகன் நம்மிடம் வந்து கேட்டார். பங்கிலிருந்த திருவிழாப் படங்களையெல்லாம் புரட்டினோம். எதிலும் அவர் இல்லை. எப்போதும் பின்னால் நின்றவரல்லவா?

மறுநாள் மாலை அப்புகைப்படக்காரர் ஒரு பெரிய படத்துடன் வந்தார். வெற்றிலைக் கறை படிந்த பல் தெரிய, எதையோ கண்டு மனம் நிறைந்து சிரிக்கும் முகம்.

"அன்றைக்கு என்னைப் பின்னால் அனுப்பினீர்களே சாமி, கடைசி பெஞ்சில் ஆயா தாலி கட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ரோலில் ஒன்று மிச்சம் இருந்தது, எடுத்தேன்."

மகன் பணத்துக்குத் தடுமாறியபோது, "அறுப்புக்குப் பிறகு பார்க்கலாம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாம் ஏதும் பேசவில்லை. பேச்சு வரவில்லை என்பதே உண்மை. இரண்டு ஞாயிறு கழித்து அவர் வீட்டுக்குச் சென்றோம். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். பணம் கிடைத்ததும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வாராமற்போனவர்களின் படங்கள். லேபுக்கு அவர் கொடுத்த காசு அப்படியே முடங்கிக் கிடந்தது. "எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்றோம். "எறிய முடியுமா சாமி? முகமாயிற்றே" என்றார்.

மனிதன் கடவுளின் சாயல் என்று குருமடத்தில் பயின்றோம், மறையுரையும் ஆற்றினோம். அச்சாயலை எறிய மனம் வராத ஒருவரை அன்றுதான் கண்டோம். "அண்ணே, அன்றைக்கு நான் பேசியது தவறு" என்றோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார்.

லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலேயர் 1858-இல் மதுரை, தஞ்சைக் கோவில்களைப் படம்பிடித்தார். கோபுரங்களுக்கு அன்றே படம் கிடைத்தது. கூலியாளின் முகத்துக்கோ நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1993-இல் தேர்தல் ஆணையம் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை வழங்க ஆணையிட்ட பிறகே, பல ஏழை வீடுகளில் ஒரு படமாவது சேர்ந்தது. இன்று எல்லார் கையிலும் கைப்பேசி. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பழைய ஸ்டுடியோக்களைத் தேடி, அழியும் படங்களை மின்வடிவில் பதிந்து காத்துள்ளனர். சைக்கிளில் சென்றவர்களின் தகரப் பெட்டிகளை யார் தேடுவார்?

நாம் செய்யக்கூடியது சிறிதே. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில், படம் வாங்காதவர்கள் வந்து வாங்கிச் செல்லுமாறு அறிவித்தோம். சிலர் பணத்தோடு வந்தனர். சிலர் வெறுங்கையோடு வந்தனர். சிலருக்காக அவர்கள் பிள்ளைகள்தாம் வர முடிந்தது. எவரையும் அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை.

அன்றுமுதல் இன்றுவரை, எந்தப் பங்கிலிருந்தாலும், திருமணத்துக்குமுன் புகைப்படக்காரரை அழைத்து, எங்கே நிற்கலாம் என்று அமர்ந்து பேசிவிடுகிறோம். பேச்சை முடிக்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: "கடைசி வரிசைக்கும் ஒன்று எடுங்கள்."