இலவசமா வீடு காட்டின கதை

மச்சினன் ஸ்வீட் பாக்ஸோட வந்தான்னா ஏதோ பணம் கேட்கப் போறான்னு அர்த்தம். இருபது வருஷ பேங்க் சர்வீஸில் நான் கத்துக்கிட்ட பாடம் இது. லோன் கேட்டு வர்றவங்க முகமும் கையில் ஸ்வீட்டோட வர்ற மச்சினன் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும் :-)

2022 கடைசியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை. டோம்பிவிலியிலிருந்து வந்தான். மூணு மாசம் முன்னாடிதான் அவன் கம்பெனியில் ஆள் குறைப்பு. தங்கமணி காபி கொடுத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து ஆரம்பிச்சான்.

"அத்தான், ஒரு வெப்சைட். வீடு வாடகைக்கு விடறவங்களையும் தேடறவங்களையும் நேரா சேர்த்து வைக்கிறோம். புரோக்கர் கிடையாது. ரெண்டு பக்கமும் ஃப்ரீ. மும்பை பூரா."

"எவ்வளவு வேணும் மாப்ளே?"

"பன்னிரண்டு லட்சம்."

என் பிஎஃப்லேர்ந்து எடுக்கணும். உள்ளேயிருந்து தங்கமணி பாத்திரம் கழுவற சத்தம் சட்டுனு நின்னு போச்சு. தம்பியாச்சே!

ஐடியா மேல எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கோங்க. 2011 ஜூன்ல நெல்லைப் பக்கத்திலிருந்து காட்கோபருக்கு டிரான்ஸ்பர். நல்ல மழை. நெட்ல ஒரு வீடு பார்ப்பேன், போட்டோ பளபளன்னு இருக்கும். போன் பண்ணினா, "அது இப்பதான் சார் போச்சு, வேற காட்டறேன் வாங்க" என்பார் புரோக்கர். அந்த பளபளா வீடு எப்பவுமே இப்பதான் போயிருக்கும். பத்தொன்பது வீடு பார்த்தோம். ஒரு சொசைட்டியில் செக்ரட்டரி எங்களை உட்காரச் சொல்றதுக்கு முன்னாடியே, "வெஜ் தானே?"ன்னு கேட்டார். தங்கமணி பதில் சொல்லாம செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிட்டா. கடைசியில் பந்த் நகர்ல வீடு கிடைச்சது, கூட வேலை பார்த்த ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தையில். அதுக்கு அவர் ஒரு டீ கூட வாங்கிக்கலை. 2014 ஜூன்ல வெர்சோவா - அந்தேரி - காட்கோபர் மெட்ரோ வந்து, எங்க ஸ்டேஷன் ரெண்டு ரயிலும் சேர்ற இடமாச்சு. வீடு தேடற கூட்டம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

அதனால தேவை இருக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா பி.காம் படிச்சவன் புத்தி, ஃப்ரீன்னு சொன்னா "அப்போ யார் காசு தர்றா?"ன்னுதான் கேட்கும்.

ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 99ஏக்கர்ஸ் 2005ல வந்தது, 1997லேர்ந்து நௌக்ரி நடத்தற இன்ஃபோ எட்ஜ் கம்பெனியோடது. மேஜிக்பிரிக்ஸ் 2006ல, டைம்ஸ் குழுமத்தோடது. அங்கெல்லாம் சொந்த வீட்டுக்காரர் சும்மாவே விளம்பரம் போடலாம். காசு கொட்டறது பில்டரும் புரோக்கரும். பெங்களூர் கம்பெனியான நோபுரோக்கர் 2014ல ஆரம்பிச்சது. பேர்லேயே புரோக்கர் இல்லைன்னாலும், வீடு தேடறவங்ககிட்ட பிளான் விக்கிறாங்க, சாமான் ஏத்தி இறக்கறது, அக்ரிமெண்ட் போடறதுன்னு சேவைகளும் விக்கிறாங்க. அமெரிக்காவில் 1995ல கிரெய்க் நியூமார்க் ஆரம்பிச்ச கிரெய்க்ஸ்லிஸ்ட் பெரும்பாலும் இலவசம்தான். ஆனா வேலை விளம்பரத்துக்கும், நியூயார்க் புரோக்கர்கள் போடற வீட்டு விளம்பரத்துக்கும் காசு உண்டு. ஆக ஃப்ரீன்னா, வேற யாரோ ஒருத்தர் கட்டறார்னு அர்த்தம்.

"ஹவுசிங் டாட் காம் பார்த்தீங்களா அத்தான், நம்ம பவாய்ல ஆரம்பிச்சதுதான்"னான். பார்த்தேனே. காட்கோபர்லேர்ந்து ஆட்டோவில் போற தூரம். 2012ல ஐஐடி பாம்பேயில் படிச்ச பன்னிரண்டு பசங்க, மும்பையில் வீடு தேடி அலைஞ்ச கடுப்புல ஆரம்பிச்சது. அவங்க செஞ்ச நல்ல காரியம், ஆளை அனுப்பி வீட்டைப் பார்த்து போட்டோ எடுத்து மேப்ல போட்டதுதான். 2014 டிசம்பர்ல சாஃப்ட்பேங்க் தலைமையில் 9 கோடி டாலர் வந்தது. 2015ல ஊரெல்லாம் விளம்பரம். அதே வருஷம் ஜூலையில் ஆரம்பிச்சவர்களில் முக்கியமானவரான ராகுல் யாதவை போர்டே அனுப்பிட்டது. 2017 ஜனவரியில் பிராப்டைகரோட இணைப்பு, 2020ல ஆஸ்திரேலியாவின் ஆர்இஏ குழுமம் கைக்குப் போனது. சைட் பிழைச்சது. ஆரம்பிச்ச பசங்க கையில் அது இல்லை. "ஐநூறு கோடிக்கு மேல கொட்டின இடத்துல நம்ம பன்னிரண்டு லட்சம் ஒரு வாரம் தாங்குமா?"ன்னு கேட்டேன். பேசாம இருந்தான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பன்னிரண்டு லட்சம் இல்லை, அறுபதாயிரம். மும்பை பூரா இல்லை, காட்கோபர்லேர்ந்து செம்பூர் வரைக்கும். நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும். வாடகை வீடு மட்டும். விற்பனையைத் தொடலை, ஏன்னா ரெரா சட்டத்தில் ஏஜெண்ட்டுங்கிற விளக்கத்துல, வாங்கறவரையும் விக்கறவரையும் எந்த ஊடகம் வழியா அறிமுகப்படுத்தறவரும் வர்றார். அந்த வம்பு வேண்டாம்.

முக்கியமான கண்டிஷன் ஒண்ணு: நேர்ல போய்ப் பார்க்காத வீட்டைப் போடக் கூடாது. ஹோம் லோன் கேட்டா வக்கீல் பத்திரம் பார்ப்பார், வேல்யுவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். அப்புறம்தான் சாங்ஷன். அதே மாதிரி.

டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். பெட்ரோலும் நேரமும்தான் செலவு. வீட்டுக்காரர் கேட்பார், "எத்தனை பேர் பார்க்கறாங்க?" தேடறவங்க கேட்பாங்க, "எத்தனை வீடு இருக்கு?" ரெண்டுக்கும் பதில் இல்லை. சேடா நகர் முருகன் கோயில் வாசல்ல நோட்டீஸ் கொடுத்தான். காமராஜ் நகர் மளிகைக் கடைகளில் ஒட்டினான்.

என்னென்ன போடணும்னு தங்கமணி ஒரு லிஸ்ட் கொடுத்தா. தண்ணி எத்தனை மணிக்கு வரும், லிஃப்ட் இருக்கா, பாத்ரூம் போட்டோ, துணி எங்கே காயப்போடறது, மழைக்கு ஒழுகுமா. கடைசியா, மீன் சமைக்க விடுவாங்களா. "வெஜ் மட்டும்னா அதை முன்னாடியே போடு, வாசல் வரைக்கும் போய் யாரும் அவமானப்பட வேண்டாம்"னா. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு பண்ணணும், மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 1999ன்படி அது வீட்டுக்காரர் பொறுப்புன்னு நான் ஒரு வரி சேர்த்தேன்.

வீட்டைப் போடறதை விட எடுக்கறதுதான் பெரிய வேலை. வீடு போயிட்டா வீட்டுக்காரர் நமக்குச் சொல்ல மாட்டார், அவர் வேலை முடிஞ்சது! அதனால புதன்கிழமைதோறும் எல்லாருக்கும் போன் பண்ணிக் கேட்பான். இந்தப் புதன்கிழமை போன் இல்லைன்னா எங்க சைட்லேயும் எல்லா வீடும் "இப்பதான் போச்சு சார்" வீடுதான்.

முதல் மாசம் ஒன்பது வீடு. ரெண்டாம் மாசம் பதினேழு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான், நான் முதல்ல கேட்கறது, "எத்தனை ஆச்சு மாப்ளே?" எனக்கு மேல இருக்கறவங்க என்கிட்ட கேட்கற அதே கேள்வி. மூணாம் மாசம் இருபத்திரெண்டுன்னான். "இந்த ஸ்பீடுல போனா காட்கோபரை முடிக்கவே ஏழு ஜென்மம் ஆகும்"னு சொல்லிச் சிரிச்சேன். அவன் சிரிக்கலை.

அடுத்த பத்து நாளில் எண்ணிக்கை அறுபதைத் தாண்டிச்சு. எப்படின்னு நான் கேட்கலை. சந்தோஷத்துல மட்டன் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்காரரே நேரா விவரம் போடற மாதிரி ஒரு ஃபார்ம் வெச்சிருக்கான், போய்ப் பார்க்கறதை விட்டுட்டான்னு பிற்பாடுதான் தெரிஞ்சது.

2023 மே மாசம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மச்சினன் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வந்தான். கோவில்பட்டிக்காரர், புது வேலை, மனைவி, ரெண்டு சின்னப் பசங்க, நாலு பெட்டி. எங்க சைட்ல திலக் நகர்ல ஒரு 1பிஹெச்கே பார்த்திருக்கார். அந்த வாடகைக்கு அங்கே ஒரு ரூம் கூட கிடைக்காது. "ஓனர்" தன்னை மிலிட்டரின்னு சொல்லி, யூனிஃபார்ம் போட்டோ, ஐடி கார்டு எல்லாம் அனுப்பியிருக்கான். போஸ்டிங் ஜம்முவில், அதனால வர முடியாது, டோக்கன் அனுப்புங்கன்னு. இவர் பதினெட்டாயிரம் அனுப்பிட்டார். ரயிலை விட்டு இறங்கி நேரா அந்த பில்டிங்குக்குப் போனா, அப்படி ஒரு ஆளே இங்கே இல்லைன்னு வாட்ச்மேன் சொல்லியிருக்கார். போன் சுவிட்ச் ஆஃப்.

பசங்களுக்குத் தங்கமணி தோசை சுட்டா. அந்த அம்மா சாப்பிடவே இல்லை. "தமிழ் ஆளுங்க நடத்தறதுன்னுதான் நம்பினோம்"னு மட்டும் சொன்னாங்க.

1930க்குப் போன் போட்டு புகார் பதிவு பண்ணினோம். லேட். பணம் வேற வேற அக்கவுண்டுக்கு மாறி, எடுத்தாச்சு.

நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் இதுதான். இந்த மிலிட்டரி டோக்கன் மோசடி எனக்குப் புதுசு இல்லை. அந்த மாசமே எங்க கவுண்டர்ல ரெண்டு பேர் இதையே சொல்லி அழுதாங்க. ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். வீட்டுக்கு வந்து மச்சினன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அது பேங்க் விஷயம், இது வீட்டு விஷயம்னு மனசுல தனித்தனி ஃபைல் போட்டு வெச்சிருந்தேன் போல.

பதினெட்டாயிரத்தையும் மச்சினன் தன் கையிலேர்ந்து கொடுத்தான். வேலை இல்லாதவன். பாதியாவது நான் தர்றேன்னேன். வாங்கலை. "நான்தான் பார்க்காம போட்டேன் அத்தான், என் தப்பு. ஆனா நீங்களும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எத்தனைன்னுதான் கேட்டீங்க. போய்ப் பார்த்தியான்னு ஒரு தடவை கூட கேட்கலை." கோபமா சொல்லலை. கோபமா சொல்லியிருந்தா பரவாயில்லை.

அன்னைக்கு ராத்திரியே ஃபார்மை எடுத்துட்டான். அறுபத்து சொச்சம் வீட்டையும் எடுத்துட்டு, திரும்ப ஒவ்வொண்ணா போய்ப் பார்த்தான். நின்னது பதினாலு.

2024ல அவனுக்கு ஐரோலியில் வேலை கிடைச்சது. சைட் இன்னும் இருக்கு. எப்பப் பார்த்தாலும் இருபது, இருபத்தஞ்சு வீடுதான். எங்க பில்டிங்ல ரிடையர் ஆன ஒரு பெரியவர் போய்ப் பார்த்துட்டு வர்றார். அதுக்கு வீட்டுக்காரர்கிட்ட இருநூறு ரூபாய், அது அவருக்கே. தேடறவங்களுக்கு இலவசம். இருநூறு கொடுக்க மாட்டேங்கிறவங்க வீட்டைப் போடறதில்லை. லாபம்னு ஒண்ணும் இல்லை. என் அறுபதாயிரமும் திரும்பலை, கேட்கவும் மாட்டேன்.

கோவில்பட்டிக்காரர் எங்க வீட்டில் ரெண்டு நாள் இருந்துட்டு டோம்பிவிலி பக்கம் வீடு பிடிச்சுப் போனார். போன தீபாவளிக்குப் போன் பண்ணினேன். எடுக்கலை. அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

வெளியூர், வெளிநாட்டுல இருந்துக்கிட்டு வீடு தேடற நம்ம மக்களுக்கு மூணே விஷயம். நீங்களோ உங்க ஆளோ உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு டோக்கன் அனுப்பாதீங்க. "பணம் உங்களுக்கு வரும், கியூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு சொன்னா போனை வெச்சிடுங்க, யுபிஐ பின் பணம் போறதுக்குத்தான், வர்றதுக்கு இல்லை. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு உட்காராம, இந்தியாவில் 1930க்கு உடனே கூப்பிடுங்க, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

போன ஞாயித்துக்கிழமை பெரியவர் பட்வாடியில் ஒரு வீடு பார்த்துட்டு வந்தார். சுவரெல்லாம் ஓதம், போடலை. மச்சினன் சாப்பிட வந்தப்போ, "எத்தனை வீடு போய்ப் பார்த்தாச்சு?"ன்னு கேட்டேன். ஒண்ணுன்னான். தங்கமணி இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தினா.

நாளைக்கு ஆடிட் இருக்கு, வரட்டா?