கல் கட்டிய ஓடை

ஓர் ஓடைக்கு நன்மை செய்ய விரும்பி, அதன் இரு கரைகளிலும் கல் அடுக்கிக் கட்டினால் என்ன நேரும்? கரை உறுதிப்படும், வெள்ளம் மண்ணை அரிக்காது, பார்வைக்கும் அழகாக இருக்கும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். நானும் அவ்வாறே கூறியிருப்பேன். கலிபோர்னியாவின் காட்டு ஓடை ஒன்று எனக்கு வேறொரு விடையைச் சொன்னது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சுமார் 12 மைல் சென்றால், மியூர் வுட்ஸ் என்னும் வனம் வரும். வானளாவிய ரெட்வுட் மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. அங்குள்ள மிக உயர்ந்த மரம் 258 அடி. பெரும்பாலான முதிய மரங்களுக்கு வயது 600 முதல் 800 ஆண்டுகள்! அவற்றின் நடுவே ரெட்வுட் கிரீக் என்னும் சிற்றோடை பாய்கின்றது. ஒரு கரையோரமாக நடந்து, இரண்டாம் பாலத்தில் ஓடையைக் கடந்து, மறுகரை வழியே புறப்பட்ட இடத்திற்கே திரும்பி விடலாம். முதியவர்களும் சிறுவர்களும் அரை மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய பாதை.

மகனின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரு டிசம்பர் மாதத்தில் நாங்கள் குடும்பத்துடன் அங்கு சென்றோம். கோடையில் அங்கே கூட்டம் மிகுதி. குளிர்காலத்திலோ மழையின் ஈரமும் அமைதியும் மட்டுமே துணை. மரப்பலகை பாவிய பாதையில் எங்கள் காலடி ஓசையே எங்களுக்குப் பெரிதாகக் கேட்டது. கோடையில் மெலிந்து கிடக்கும் ஓடை, மழை நீரால் நிறைந்து சலசலத்து ஓடியது. கைத்தொலைபேசிக்கு அங்கே தொடர்பு கிடைப்பதில்லை. ஆகவே, பிள்ளைகள் எங்களோடு பேசிக்கொண்டே நடந்தார்கள்! நீங்கள் செல்ல நேர்ந்தால், வாகனம் நிறுத்தும் இடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். 2018 முதல் அது கட்டாயம்.

இந்த வனம் பிழைத்த கதை கேட்கத் தக்கது. 1905-இல் வில்லியம் கென்ட் என்பவரும் அவர் மனைவி எலிசபெத்தும் 45,000 டாலர் கொடுத்து இங்கே 611 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். 1907-இல் ஒரு நீர் நிறுவனம் ஓடையின் குறுக்கே அணை கட்டும் எண்ணத்துடன், நீதிமன்றத்தின் வாயிலாக நிலத்தைக் கையகப்படுத்த முற்பட்டது. அணை எழுந்தால் வனம் நீரில் மூழ்கும். கென்ட் தயங்கவில்லை, வனத்தின் 295 ஏக்கரை நாட்டு அரசுக்கே நன்கொடையாக அளித்துவிட்டார். 1908 ஜனவரி 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். வனத்திற்குக் கென்டின் பெயரையே சூட்டலாம் என ரூஸ்வெல்ட் விரும்பினார். கென்ட் அதை ஏற்கவில்லை. இயற்கை அறிஞர் ஜான் மியூரின் பெயரே இருக்கட்டும் என்றார். தமக்கு ஐந்து ஆண்மக்கள் உண்டு என்றும், தம் பெயரை அவர்களால் நிலைநிறுத்த இயலாவிடில் அது மறக்கப்படுவதே தகும் என்றும் எழுதினார். எத்துணை உயர்ந்த உள்ளம்!

இனி ஓடைக்கு வருவோம். கோஹோ சால்மன் என்னும் மீன் இவ்வோடையின் சரளைக் கற்களிடையே பிறக்கின்றது. ஓராண்டுக்கு மேல் இங்கேயே வளர்ந்து, பின்னர் பசிபிக் பெருங்கடலை அடைகின்றது. மூன்று வயதளவில், குளிர்கால மழை ஓடையைப் பெருக்கும்போது, பிறந்த நீரைத் தேடித் திரும்பி வந்து முட்டையிட்டு மடிகின்றது. இன்று இப்பகுதியில் அது அழிவின் விளிம்பில் நிற்கின்றது. பாலத்தில் நெடுநேரம் நின்று நோக்கினோம். ஒரு மீனும் எங்கள் கண்ணில் படவில்லை.

மீன் குறைந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று என் நெஞ்சைத் தைத்தது. 1930களில் அரசின் வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள், கரை அரிக்காதிருக்க ஓடையின் இருபுறமும் கல் அடுக்கினார்கள். ஓடையில் வீழ்ந்த மரங்களும் அக்காலத்தில் அகற்றப்பட்டன. அனைத்தும் நல்லெண்ணத்தில் செய்த பணிகளே! ஆனால், கல்லுக்கிடையில் அடைபட்ட நீர் விசை கொண்டு ஓடிற்று. வீழ்ந்த மரத்தின் பின்னால் உண்டாகும் ஆழ்ந்த மடுக்களும் ஒதுங்கும் இடங்களும் மறைந்தன. மழை வெள்ளத்தில் இளமீன்கள் புகலிடமின்றித் தவித்தன. 2019-இல் தேசியப் பூங்காத் துறையினர் அக்கற்களைப் பெயர்த்தெடுத்து, மரத்தடிகளை ஓடையில் இடும் பணியைத் தொடங்கினார்கள்.

வாசகர்களே, நம் இல்லங்களை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு முப்பது வயது. அவன் என்ன படிப்பது, எங்கே வேலை பார்ப்பது, எவருடன் பழகுவது என அனைத்தையும் வாப்பாவே முடிவு செய்தார். அன்பில் குறையில்லை, செலவிலும் குறையில்லை. வாப்பா நோயுற்றுப் படுத்தபோது, எந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்று முடிவெடுக்க இயலாமல் அந்தப் பிள்ளை வாசலில் நின்று கலங்கினான். அவனுக்கு எவரும் தீங்கு செய்யவில்லை. கரை கட்டினார்கள், அவ்வளவே!

பிள்ளைகளைக் காக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அணை வந்து மூழ்கடிக்க இருந்தபோது கென்ட் குறுக்கே நின்றார் அல்லவா? அத்தகைய ஆபத்தில் பெற்றோர் குறுக்கே நிற்கத்தான் வேண்டும். அன்றாட வாழ்வின் சிறு தடைகளோ வேறு. கடைக்குச் சென்று கணக்குப் பார்ப்பது, தோழனோடு பிணங்கிப் பின் தானே இணங்குவது, தனக்கு விருப்பமான படிப்பைக் காரணத்தோடு எடுத்துரைப்பது ஆகியவை ஓடையில் வீழ்ந்த மரங்கள் போன்றவை. அவற்றை நாம் அகற்றிவிட்டால், வெள்ளம் வரும் நாளில் பிள்ளை ஒதுங்குவதற்கு இடம் இராது.

அடுத்த முறை பிள்ளையின் வழியில் கிடக்கும் ஒன்றை எடுத்தெறியக் கை நீளும்போது, அது அணையா, வீழ்ந்த மரமா என்று ஒரு கணம் நின்று பாருங்கள். கென்டைப் போல் நம் பெயரையும் பிள்ளைகளிடமே ஒப்படைத்துச் செல்லப் போகிறோம். அதைச் சுமக்கும் வலிமை அவர்களுக்கு வேண்டாமா?