எழுபது வளைவு, இரண்டு பேர், எடை குறைந்த ஒரு வண்டி!

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போனால் பைக்குகளின் அணிவகுப்பைப் பார்க்கலாம். பெரும்பாலும் இளைஞர்கள்தான். ஆனால், அந்தக் கூட்டத்துக்கு நடுவே தலை நரைத்த ஜோடிகளும் வருகிறார்கள். அவர் புல்லட்டை ஓரங்கட்டுவார். பின்சீட்டில் இருந்து இறங்கும் அம்மா, முட்டியைத் தேய்த்துவிட்டபடி மலையை அண்ணாந்து பார்ப்பார்.

“ஏனுங்க, மேல வரைக்கும் போயிருவோமுங்களா?”

“இத்தன வருசமாப் போறோம். இப்ப என்ன புதுசாக் கேக்கற?”

கேள்வி புதிதுதான். கல்யாணமான புதிதில் இதே மலைக்கு இதே ஜோடி கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருக்கும். இப்போது அவருக்கு அறுபத்து மூன்று, அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொள்வோம். மலை அதேதான். 70 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது முட்டியும் இடுப்பும்தான். இப்படிப்பட்ட ஒரு தம்பதி பைக்கில் கொல்லிமலை ஏறுவதை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். வண்டியை மாற்றினால் போதும்!

நிற்கும்போதுதான் கனம்

பைக் ஓடும்போது அதன் எடை நமக்குத் தெரியாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 195 கிலோ வண்டி பஞ்சு மாதிரிதான் இருக்கும். வண்டி நின்றவுடன் அத்தனை கனமும் ஓட்டுபவரின் ஒற்றைக் காலுக்கு வந்துவிடும்.

கொல்லிமலை வளைவுகளில் இது நன்றாகவே புரியும். நம் ஊரில் இடப்பக்கம் போகிறோம். அதனால், மலை ஏறும்போது இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுதான் கஷ்டமானது. உள்பக்கம் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முதல் கியரில் ஊர்ந்து திரும்புகிற நேரத்தில் மேலே இருந்து பேருந்து ஒன்று வளைவை முழுவதுமாக அடைத்துக்கொண்டு இறங்கினால், வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். வலது காலை எடுக்க முடியாது. பின்பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். எடுத்தால் வண்டி பின்னால் உருளும். இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். ஆனால் வளைவின் உள்பக்கம் சாய்வாக இருப்பதால், இடது பக்கத் தரை நான்கு விரற்கடை கீழே இருக்கும்!

காலைத் துழாவுகிற அந்த ஒரு நொடியில் வண்டி சாயத் தொடங்கினால், இருபத்தைந்து வயதுக்காரர் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுவார். அறுபதைத் தாண்டியவரின் தொடையில் அந்த வலு இருக்காது. வேகம் பூஜ்யம்தான் என்றாலும் விழுவது இரண்டு பேர். இளம் வயதில் தூசியைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். எலும்பு பலம் குறைந்த வயதில், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இப்படி ஒரு சாதாரண விழுகையே இடுப்பு எலும்பை முறித்துவிடக் கூடும். பின்சீட்டில் இருந்து வந்த கேள்விக்குக் காரணம் இந்தப் பயம்தான்.

ஒரு சிமென்ட் மூட்டையை இறக்கி வைத்தால்...

ஒரு சின்னக் கணக்கு. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கின் எடை பெட்ரோலோடு சேர்த்துச் சுமார் 195 கிலோ. ஓட்டுபவர் 75, பின்னால் இருப்பவர் 65, பை, தண்ணீர் பாட்டில், பலாப்பழம் என்று ஒரு 10. ஆக மொத்தம் 345 கிலோ. அதே இரண்டு பேரும் அதே பையும் 150, 160 சிசி வண்டிக்கு மாறினால்? ஹோண்டா யூனிகார்ன், சுசூகி ஜிக்ஸர், யமஹா எஃப்இசட், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 போன்றவை 135 முதல் 145 கிலோவுக்குள் அடங்கிவிடும். மொத்தம் 290 கிலோ. குறைவது 55 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அந்த மூட்டையை வண்டியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு மலை ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பெரிய இன்ஜினின் இழுவை வேறு. கிளாசிக் 350-ன் டார்க் 27 நியூட்டன் மீட்டர். 160 சிசி வண்டிகளில் அது ஏறக்குறைய பாதிதான். கிளாசிக்கில் இரண்டாவது கியரில் ‘டப்... டப்...’ என்று ஏறிய வளைவில், சின்ன வண்டியை முதல் கியருக்கு இறக்கி முறுக்க வேண்டியிருக்கும். இன்ஜின் சத்தம் கூடும். முதல் நாள் எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் கொல்லிமலைப் பாதையில் யாரும் வேகமாகப் போக வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை பார்த்துக்கொண்டே, நிதானமாக ஏறுகிற பாதை இது.

அப்படியானால் இன்னும் எடை குறைந்த 100 சிசி வண்டி எடுக்கலாமே? ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோதான். மலையில் தினமும் அப்படிப்பட்ட வண்டிகள் ஆட்களோடும் சுமையோடும் ஏறி இறங்குகின்றன. ஆனால் இரண்டு பெரியவர்களோடு 70 வளைவும் ஏறும்போது இன்ஜின் முழு மூச்சையும் கொடுக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு என்று கையிருப்பு இருக்காது. ஊருக்குள் ஓட்டவும் எப்போதாவது மலைக்குப் போகவும் என்றால் 125 சிசி போதும். மாதம் ஒருமுறை மலை என்றால் 150, 160 சிசிதான் நிம்மதி.

ஸ்கூட்டர்? ஏறுவதற்குச் சுலபம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, எடையும் குறைவு. ஆனால் இறங்கும்போது கியர் பைக் மாதிரி இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. கீழே வரும்வரை பிரேக்கையே நம்ப வேண்டும். பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பிடிமானம் குறையும். ஸ்கூட்டரில் போகிறவர்கள் நடுநடுவே நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டு இறங்குவது நல்லது.

எடை மட்டும் பார்த்தால் போதாது

எடைக்கு அடுத்து பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். கிளாசிக் 350-ல் அது 805 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் மீட்டியோர் 350-ல் 765 மில்லிமீட்டர். எடை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், குள்ளமானவருக்கு மீட்டியோரில் கால் நன்றாக ஊன்றும். புல்லட் சத்தத்தைப் பிரிய மனம் வராதவர்களுக்கு இது ஒரு சமாதானம். 181 கிலோ எடையுள்ள ஹன்டர் 350 இன்னொரு சமாதானம்.

சீட்டின் அகலத்தையும் பார்க்க வேண்டும். அகலமான சீட் தொடையை விரித்துவிடுவதால், உயரம் குறைவாக இருந்தும் பாதம் தரைக்கு வராது. அதனால் ஷோரூமில் காகிதத்தைப் படித்து முடிவு செய்யாமல், வழக்கமாகப் போடும் செருப்போடோ ஷூவோடோ உட்கார்ந்து பார்ப்பதே சரி. வெறும் கால்விரல் மட்டும் தொட்டால், மலைக்கு அந்த வண்டி வேண்டாம். குறைந்தது ஒரு பாதமாவது முழுதாகப் பதிய வேண்டும்.

அடுத்து ஒரு சோதனை. ஷோரூம் வாசலில் சின்னச் சரிவு இருந்தால், வண்டியில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் விடை தெரிந்துவிடும். கொல்லிமலையில் சமதளமான பார்க்கிங் அபூர்வம். சரிவில் முகத்தைக் கீழே வைத்து வண்டியை நிறுத்திவிட்டு, திரும்ப எடுக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் பெரியவர்களைக் கோயில் வாசலில் பார்க்கலாம். எப்போதும் வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் போட்டு நிறுத்துவதே வழக்கமாக இருக்கட்டும்.

பிரேக் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஈரச் சாலையில் திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. சில வண்டிகளில் இது முன்சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

பின்சீட்டுக்கும் ஒரு ஓட்டு

வண்டி வாங்கும்போது ஓட்டுபவர் மட்டும் போய் முடிவெடுத்துவிட்டு வருவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்த வண்டியில் பாதிச் சவாரி பின்சீட்டில்தான் நடக்கப் போகிறது. அதனால் அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும்.

அவர் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, பின்சீட் எவ்வளவு உயரம், காலைத் தூக்கிப் போட முடிகிறதா? இப்போதைய சில வண்டிகளில் பின்சீட் சின்னதாக, மேலே தூக்கியபடி இருக்கிறது. அதில் ஏறுவதே ஒரு சர்க்கஸ். இரண்டு, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். அது உயரத்தில் இருந்தால் முட்டி மடங்கி, பத்தாவது வளைவிலேயே வலிக்கத் தொடங்கிவிடும். மூன்று, பிடித்துக்கொள்ளக் கெட்டியான கைப்பிடி.

சேலையில் ஒருபக்கமாக உட்கார்வது நம் ஊர் வழக்கம். சமவெளியில் சமாளிக்கலாம். மலையில் அது எடையை இடது பக்கமே இழுக்கும். கால் எட்டாமல் தடுமாறுவதும் அதே இடது பக்கம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. மலைக்குப் போகும் நாளில் மட்டுமாவது சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்வது பாதுகாப்பு. ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும்.

ஏறி இறங்குவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு “ம்” சொன்ன பிறகுதான் பின்னால் ஏற வேண்டும். இறங்கும்போது தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். புறப்படும் முன் பின்டயர் காற்றையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு பேர் போகும்போது எவ்வளவு காற்று என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது.

மேலே போன பிறகு

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவர்கள் நேராக அறப்பளீஸ்வரர் கோயிலுக்குத்தான் போகிறார்கள். அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம். குளித்துவிட்டு ஏறி வரும்போது கெண்டைக்கால் கிடுகிடுவென நடுங்கும். அந்த நடுங்கும் காலோடு உடனே பைக்கை எடுத்து 70 வளைவும் இறங்குவதுதான் பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு. அருவிக்குப் போகிற நாளில் இரவு மலையிலேயே தங்கிவிடலாம். ஒரே நாளில் திரும்புவதென்றால் படிகளை விட்டுவிட்டு வாசலூர்பட்டி படகுத்துறை, சீக்குப்பாறை காட்சிமுனை, எட்டுக்கை அம்மன் கோயில் என்று போகலாம்.

வழியெல்லாம் முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மூட்டுவலிக்கு நல்லது என்று மலைமக்கள் சொல்லிக் கொடுப்பார்கள். மிளகு தூக்கலாக, குளிருக்கு இதமாக இருக்கும். குடிக்கலாம். ஆனால் அதை நம்பி, டாக்டர் கொடுத்த முட்டிப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது!

வெயில் சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு எதிர்வரும் ஹெட்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்து. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி.

70 வளைவு மலைப்பாக இருந்தால், முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை உண்டு. அதில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு. உடம்பு ஒத்துழைக்காத நாளில் அரசுப் பேருந்து இருக்கவே இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து போவதும் ஒரு சுகம்தான்.

55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்து ஐந்து வருடங்களுக்குத்தான் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றிதழும் வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் அந்த நேரத்தில், இந்த வண்டி இன்னும் நமக்கு ஒத்துவருகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

பல வருடம் கூடவே இருந்த புல்லட்டை விற்பது லேசான காரியம் இல்லை. ‘வயசாயிடுச்சா?’ என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். மகனே, “அப்பா, இனிமே பைக்கே வேண்டாமே” என்பான். சின்ன வண்டிதான் இரண்டு பேருக்கும் பதில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே காரவள்ளி. இந்த முறை 140 கிலோ வண்டி. முதல் வளைவுக்கு முன்னால் நிறுத்தி, அவர் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றுகிறார்.

“கால் நல்லா ஊனுதுங்களா?”

“ஊனுது. ஏறி உக்காரு.”

தோளில் ஒரு கை வந்து விழுகிறது. வண்டி மலை ஏறுகிறது.