கோட்டையில் மாநாடு: காலையும் பகலும் எங்கே சாப்பிடுவது?

கொழும்பில் ஒரு மாநாட்டுக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறதா? கட்டுரை தயார். உடுப்பும் தேய்த்தாகிவிட்டது. ஆனால் காலையிலும் பகலிலும் எங்கே சாப்பிடப் போகிறீர்கள் என்று யோசித்தீர்களா?

இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரிக்க வேண்டாம். என் தங்கை ஓர் ஆசிரியை. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கோட்டையில் நடந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தாள். முதல் நாள் இரவு வீட்டில் சாப்பிட்டதுதான். காலையில் ஒரு பிளேன்டீ கூட இல்லை. பாதி வாசிக்கும்போதே கை நடுங்கியது. மீதியை வாசிக்காமலே இறங்கிவிட்டாள். மூன்று மாதம் உழைத்து எழுதிய கட்டுரை அது!

“புறக்கோட்டை நிறையச் சாப்பாட்டுக் கடைதானே, ஏன் சாப்பிடவில்லை?” என்று கோபித்தேன்.

“எப்படிக் காக்கா உள்ளுக்குப் போற? கடை நிறைய ஆம்புளைகள்” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ வருடம் அந்தக் கடைகளில் சாப்பிட்டவன் நான். ஒரு பெண் தனியாக வந்தால் எங்கே உட்காருவாள் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்ததில்லை. பிறகொரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தேன். அன்று நாங்கள் கண்டறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டைப் புகையிரத நிலையத்தின் வாசலில் ஒல்கொட்டின் சிலை இருக்கிறது. அங்கிருந்து வீதியைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் கோட்டை. பெரிய ஹோட்டல்களும், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரமும் அந்தப் பக்கம். மாநாடுகளும் பெரும்பாலும் அங்கேதான். நேரெதிரே வீதியைக் கடந்தால் புறக்கோட்டை. சாப்பாடு மலிவாகக் கிடைப்பது இந்தப் பக்கம்.

புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமான அதன் சுவர்களை யாரும் தவறவிட முடியாது. அதைச் சுற்றியும், பிரதான வீதியிலும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மூட்டை தூக்கும் நாட்டாமைகளும் கடைச் சிப்பந்திகளும் நேரத்தோடு வருவதால் அடுப்பும் நேரத்தோடு எரியும்.

காலைக்கு இடியப்பம், சொதி, சம்பல் போதும். பராட்டாவும் இறைச்சிக் கறியும் வாசனையால் இழுக்கத்தான் செய்யும். ஆனால் வயிறு நிறையப் பராட்டா தின்றுவிட்டுக் குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார்ந்தால் முதல் பேச்சாளர் ஸலாம் சொல்வதற்குள் கண் சொருகும்!

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில தேநீர்க் கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றீஸ், வடை கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டதை எண்ணி அதற்கு மட்டும்தான் காசு.

இறைச்சி வேண்டாம் என்பவர்கள் செட்டியார் தெருவுக்குப் போகலாம். நகைக் கடைகளுக்கு இடையில் சைவக் கடைகள் இருக்கின்றன. இட்டலி, தோசை, உளுந்து வடை சூடாகக் கிடைக்கும். நகை வாங்க வரும் குடும்பங்கள் நடமாடும் தெரு என்பதால் பெண்கள் அங்கே கூச்சமின்றி அமரலாம். என் தங்கைக்கு முதலில் தைரியம் தந்த தெரு அதுதான்.

பகல் சாப்பாடு வேறு கதை. மாநாட்டில் பெரும்பாலும் ஒரு மணித்தியாலம்தான் இடைவேளை. கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து போய் வரவே அதில் பாதி கரைந்துவிடும். ஆகவே அங்கேயே பகலுணவு உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஹலாலா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். 2013 வரை ஜம்இய்யதுல் உலமா வழங்கிவந்த ஹலால் சான்றிதழை 2014 முதல் ஹலால் அக்ரடிடேஷன் கவுன்ஸில் என்ற தனி அமைப்பு வழங்குகிறது. சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. அங்கேயே சாப்பிடக் கிடைத்தால் நல்லது. மண்டபத்தில் கேட்க முடியாததை ஒரே மேசையில் இருந்து கேட்டுக்கொள்ளலாம்.

கைக்காசில் பெரிய ஹோட்டலில் சாப்பிடுவதானால் ஓர் எச்சரிக்கை. விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 வீதமான வற் வரியும் சேரக்கூடும். 2011 இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்ட பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடம் பார்க்க அழகானது. ஆனால் அங்கும் விலையைப் பார்த்துவிட்டே உட்காருங்கள்.

வெளியில் சாப்பிடுவதானால் சோற்றுப் பார்சல்தான் சிக்கனம். ஒரு பார்சலை இரண்டு பேர் பங்கு போடலாம். ஆனால் அதைப் பெரிய ஹோட்டலுக்குள் கொண்டுபோய்ப் பிரிக்க விடமாட்டார்கள். கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பன்னிரண்டரைக்குக் கந்தோர்க்காரர் கூட்டம் வந்துவிடும். ஒரு கால் மணி முந்துங்கள். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

இனிச் சகோதரிகளுக்கு. நாங்கள் போன கடைகள் சிலவற்றில் மாடியில் குடும்பங்களுக்கென்று இடம் இருந்தது. கீழே நின்று பார்த்தால் அது தெரியாது. காசு மேசையில் இருப்பவரிடம் “மேலே இடம் இருக்கா?” என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

அடுத்த கருத்தரங்குக்குத் தங்கை தனியாகவே வந்தாள். அதிகாலையில் பஸ்ஸால் இறங்கி, ஒரு கடை வாசலில் தயங்கி நின்றிருக்கிறாள். காசு மேசையில் இருந்த பையன், “மேலே இடமிருக்கு, வாங்க தாத்தா” என்றானாம். எங்கள் ஊரில் ராத்தா என்பதைக் கொழும்பில் தாத்தா என்பார்கள். அந்த ஒரு சொல்லில் கூச்சம் போய்விட்டதாம். அன்று பின்னேரம் தொலைபேசியில் சொன்னாள்: “கடைசித் தாள் வரைக்கும் வாசிச்சேன் காக்கா.”

அல்ஹம்துலில்லாஹ். கடைக்கார நானாமாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மேலே இடமிருக்கிறது என்று வாசலில் ஒரு பலகை எழுதிப் போடுங்கள். தூரத்து ஊரிலிருந்து வந்து, பசியோடு உங்கள் கடையைத் தாண்டிப் போகிறவள் யாரோ ஒருவரின் தங்கைதான்.